கொரியப் போரில் பிடிபட்ட சீன வீரர்கள்: அவர்களைச் சரணடைய வைத்தது துண்டறிக்கையா, பசியா?

தாமிரபரணிக்கரை (இழையைத் தொடங்கியவர்)

எல்லோருக்கும் வணக்கம். ஒரு வாரமாக ஒரு விஷயம் மனதை விட்டுப் போகவில்லை. கொரியப் போரின்போது அமெரிக்க விமானங்கள் வீசிய துண்டறிக்கை ஒன்றின் படத்தைப் பார்த்தேன். சீன எழுத்து, கொரிய எழுத்து, ஆங்கிலம் மூன்றும் அதில் இருந்தன. "இதைக் கொண்டுவருபவரை நல்லபடி நடத்தவும்" என்பதுபோல ஒரு வாசகம், கீழே தளபதியின் கையெழுத்து. சில அறிக்கைகளின் ஒரு பக்கத்தை வடகொரியப் பணத்தாள் மாதிரியே அச்சடித்திருக்கிறார்கள். வீரன் அதைச் சட்டைப்பையில் வைத்திருந்தால் யாருக்கும் சந்தேகம் வராது என்ற கணக்குதான்.

போர் முழுக்க இப்படி 250 கோடி தாள்கள் வீசப்பட்டதாகப் படித்தேன். இன்னொரு கணக்கையும் பார்த்தேன். பிடிபட்ட சீனர்கள் 21,000 பேருக்கு மேல். அவர்களில் 14,000க்கும் அதிகமானவர்கள் ஊருக்குத் திரும்ப மறுத்துத் தைவானுக்குப் போனார்கள். மூன்றில் இரண்டு பங்கு! உலகப் போர்களில்கூட இந்த அளவுக்கு நடந்ததாக எனக்கு நினைவில்லை.

என் கேள்வி இதுதான். அந்தத் தாள்களுக்கு அவ்வளவு சக்தியா? இல்லை, அந்த வீரர்களின் மனவுறுதி முதலிலிருந்தே ஆட்டம் கண்டிருந்ததா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

வடகரை

நல்ல இழை, நண்பரே. இதைப் பற்றிப் பல வருடங்களாகப் படித்து வருகிறேன். கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

தாளை வைத்து முடிவு கட்டுவதற்கு முன்னால் சோற்றைப் பார்க்க வேண்டும். சீனப் படை 1950 அக்டோபரில் சீன-கொரிய எல்லையிலுள்ள யாலு ஆற்றைத் தாண்டியது. "மக்கள் தன்னார்வப் படை" என்பது பெயர், தளபதி பெங் டெஹுவாய். அந்தப் படைக்கு லாரிகள் குறைவு. பகலில் லாரி ஓடினால் அமெரிக்க விமானம் விடாது, அதனால் சாமான் எல்லாம் இரவில்தான் நகர வேண்டும். ஆகவே ஒவ்வொரு வீரனும் ஏறத்தாழ ஒரு வாரத்துக்கான உணவைத் தோளில் சுமந்து போனான். என்ன உணவு? கோதுமை, சோயா, சோளம் இவற்றை வறுத்து அரைத்த மாவு. கிட்டத்தட்ட நம் சத்துமாவு மாதிரிதான். வெந்நீர் இருந்தால் கரைத்துக் குடிக்கலாம். அடுப்பு மூட்டினால் புகை காட்டிக்கொடுத்துவிடும். அதனால் வாயில் மாவைப் போட்டு, ஒரு பிடி பனியை அள்ளிப் போட்டு விழுங்கினார்கள். மாதக்கணக்கில் இதையே தின்றதில் பலருக்கு மாலைக்கண் வந்தது. இரவில் மட்டுமே போரிடக்கூடிய ஒரு படைக்கு மாலைக்கண் வந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

அமெரிக்கத் தளபதி ரிட்ஜ்வே இதைக் கண்டுபிடித்துவிட்டார். சீனத் தாக்குதல் ஒரு வாரத்துக்கு மேல் நீடிப்பதில்லை, மாவு தீர்ந்ததும் நின்றுவிடுகிறது. அதனால் அந்த ஒரு வாரம் பின்வாங்கிக்கொடுத்து, எட்டாம் நாள் திருப்பி அடித்தார்கள்.

துண்டறிக்கை எழுதியவர்கள் இதைத்தான் பிடித்துக்கொண்டார்கள். ஆவி பறக்கும் சோற்றுக் கிண்ணம், புத்தாண்டுக்குக் காத்திருக்கும் அம்மா, காயத்துக்குக் கட்டுப்போடும் மருத்துவர் என்று படம் போட்டார்கள். படம்தான் முக்கியம், ஏனென்றால் வீரர்களில் பெரும்பாலோருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. விமானத்தில் ஒலிபெருக்கி கட்டி, பெண் குரலில் பேச வைத்தார்கள்.

ஆனால் தாளைக் கையில் வைத்திருப்பதே ஆபத்து. ஒவ்வொரு படைக் கம்பெனியிலும் ஓர் அரசியல் அதிகாரி உண்டு. மூன்று மூன்று பேராகக் குழு பிரித்திருப்பார்கள், ஒருவரை மற்ற இருவர் எப்போதும் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அப்படிப்பட்ட இடத்தில் தாள் சோற்றை நினைவுபடுத்தலாம், அவ்வளவுதான். அந்த மூன்று பேர் குழு உடையாதவரை ஒருவன் தனியாக எழுந்து போக முடியாது.

---

கல்மேடு

வடகரை ஐயாவின் பதிவுக்கு நன்றி, ஆனால் ஓர் இடத்தில் உடன்பட முடியவில்லை. பசியும் குளிரும்தான் காரணம் என்றால் 1950 குளிர்காலத்திலேயே அவர்கள் கூட்டம் கூட்டமாகச் சரணடைந்திருக்க வேண்டும்.

சாங்ஜின் நீர்த்தேக்கத்தில் நடந்ததை நினைத்துப் பாருங்கள். அமெரிக்கர்கள் அதைச் சோசின் என்பார்கள். 9ஆம் படைத்தொகுதி கிழக்குச் சீனாவிலிருந்து அவசரமாக ரயிலேற்றப்பட்டு வந்தது. வடக்கின் பனிக்கு ஏற்ற உடை அவர்களிடம் இல்லை. இரவில் பூஜ்யத்துக்குக் கீழே 30 டிகிரி. பல்லாயிரம் பேருக்குக் கைகால் உறைந்து கெட்டுப்போனது. படுத்த இடத்திலேயே துப்பாக்கியைப் பிடித்தபடி விறைத்துப்போன வீரர்களை எதிர்ப்படையினரே பார்த்திருக்கிறார்கள். அங்கே சரணடைந்தவர்கள் எத்தனை பேர்? மிகக் குறைவு.

பிடிபட்ட சீனர்களில் மிகப் பெரும்பாலோர் 1951 வசந்தத் தாக்குதலில், அதுவும் மே மாதக் கடைசியில் சிக்கியவர்கள். அங்கே பசியோடு இன்னொன்றும் சேர்ந்தது. 60ஆம் படையின் 180ஆம் டிவிஷன் பூக்கான் ஆற்றுக்குத் தெற்கே பின்வாசலைக் காக்க நிறுத்தப்பட்டது. பின்வாங்க உத்தரவு வருவதற்குள் வழி அடைபட்டுவிட்டது. மாவு தீர்ந்து, காட்டில் கிடைத்த புல்லையும் கீரையையும் தின்று சிலர் விஷமேறிச் செத்தார்கள். கடைசியில் டிவிஷன் தலைமை "தனித்தனியாகப் பிரிந்து தப்பித்துக்கொள்ளுங்கள்" என்று முடிவெடுத்தது. அதோடு எல்லாம் முடிந்தது. அந்த ஒரு டிவிஷனில் மட்டும் ஏழாயிரத்துக்கும் மேல் இழப்பு, ஐயாயிரம் பேர் வரை கைதானார்கள்.

சோசினில் பட்டினி கிடந்தவனுக்கும் அருகில் அதிகாரி இருந்தார், தோழன் இருந்தான். 180இல் அந்தக் கயிறு அறுந்தது. என் பார்வையில் பசியைவிட இதுதான் பெரிய காரணம்.

---

வடகரை

சரியான திருத்தம், கல்மேடு. நான் சோற்றில் நின்றுவிட்டேன். "பிரிந்து போங்கள்" என்ற அந்த உத்தரவைச் சேர்த்திருக்க வேண்டும். ஒன்று மட்டும் சொல்கிறேன். மலையில் பிரிந்துபோன எல்லோரும் கைதூக்கிவிடவில்லை. அந்த டிவிஷனின் அரசியல் தலைவர்களில் ஒருவரான வூ செங்டே ஒரு சிறு கூட்டத்தோடு எதிரி நிலத்துக்குள்ளேயே ஓராண்டுக்கும் மேல் மலையில் ஒளிந்து போரிட்டார். 1952இல்தான் பிடிபட்டார். கைதான சீனர்களில் மிக உயர்ந்த பதவியில் இருந்தவர் அவர்தான். அவர் கதைக்குப் பிறகு வருகிறேன்.

---

நிலாமுற்றம்

ஒரு சந்தேகம், தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன். "தன்னார்வப் படை" என்கிறீர்களே, உண்மையிலேயே விரும்பி வந்தவர்களா? இவர்களில் பலர் முன்பு சியாங் கை ஷேக் படையில் இருந்தவர்கள் என்று ஒரு நண்பர் சொன்னார். அது உண்மையா?

---

வடகரை

உண்மைதான், நிலாமுற்றம். மொத்த விஷயத்துக்கும் சாவி இங்கேதான் இருக்கிறது.

"தன்னார்வம்" என்பது பெயரளவில். அமெரிக்காவோடு அரசு நேரடியாகப் போரில் இறங்கியதாக ஆகக்கூடாது என்பதற்காக வைத்த பெயர். வந்தவை சீனாவின் நிரந்தரப் படைப்பிரிவுகள்.

1949இல் முடிந்த உள்நாட்டுப் போரில், தோற்றுத் தைவானுக்குப் போன சியாங் கை ஷேக் கட்சியான கோமின்டாங்கின் வீரர்கள் லட்சக்கணக்கில் பிடிபட்டார்கள். அவர்களைக் கம்யூனிஸ்டுகள் சுடவில்லை, சிறையிலும் வைத்திருக்கவில்லை. "விடுதலை பெற்ற வீரர்கள்" என்று பெயர் சூட்டித் தங்கள் படையிலேயே சேர்த்துக்கொண்டார்கள். அதற்கென்று ஒரு முறையே வைத்திருந்தார்கள். "துயரம் சொல்லும் கூட்டம்" என்று அதற்குப் பெயர். ஒருவன் எழுந்து, பண்ணையார் தன் அப்பாவை அடித்ததை, தங்கையை விற்க நேர்ந்ததை, தன்னைக் கயிற்றால் கட்டிப் படைக்கு இழுத்துப்போனதைச் சொல்வான். கூட்டமே அழும். நேற்றுவரை எதிரிப் படையில் இருந்தவன் அந்த அழுகைக்குப் பிறகு இந்தப் பக்கத்து ஆளாகிவிடுவான். இதை நான் வெறும் நடிப்பு என்று தள்ளமாட்டேன். சொன்ன துயரங்கள் பெரும்பாலும் நிஜமானவை. கேட்க ஆள் கிடைத்ததும் அவர்களில் பலருக்கு அதுதான் முதல் தடவை.

ஒரு முழுப் படையே அப்படி மாறியதும் உண்டு. 1948 அக்டோபரில் சாங்சுன் நகரத்தில் கோமின்டாங்கின் 60ஆம் படை, தளபதி ஸெங் ஸெஷெங்கோடு கட்சி மாறியது. அதுவே பிறகு 50ஆம் படை என்ற பெயரில் கொரியாவுக்கு வந்தது. (கல்மேடு சொன்ன 60ஆம் படை வேறு, குழப்பிக்கொள்ள வேண்டாம்.) 180ஆம் டிவிஷனிலும் சிச்சுவான் பக்கத்து ஆட்கள் நிறைய, அவர்களில் பழைய கோமின்டாங் ஆட்களும் கணிசம்.

ஆக, மூன்றே வருடங்களில் ஒருவன் இரண்டு தடவை பிடிபட்டிருக்கிறான். முதல் தடவை பிடிபட்டபோது "இனி நீ எங்கள் ஆள்" என்று ஒருவர் சொன்னார். இரண்டாம் தடவையும் அதையே இன்னொருவர் சொன்னார்.

---

மாலைநேரம்

இந்த இழையை இரண்டு நாளாகப் படித்துக்கொண்டிருந்தேன். தாமிரபரணிக்கரையின் கேள்விக்கு ஒரு பக்கப் பதில்தான் வந்திருக்கிறது. சரணடைந்தது ஒரு விஷயம், திரும்ப மறுத்தது வேறு விஷயம். இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பக்கூடாது. 14,000 என்ற எண் போர்க்களத்தில் உருவானதில்லை, கோஜே தீவின் முள்வேலிக்குள் உருவானது.

கோஜே தீவு தென்கொரியாவின் தெற்குக் கரையில் இருக்கிறது. ஒன்றரை லட்சம் பேருக்கு மேல் அங்கே அடைத்து வைத்திருந்தார்கள். சீனர்களுக்கான பெரிய அடைப்புகள் 72, 86 என்ற எண்ணுள்ளவை, ஒவ்வொன்றிலும் எண்ணாயிரம் பேர் அளவுக்கு. அமெரிக்கர்களிடம் சீன மொழி தெரிந்தவர்கள் மிகக் குறைவு. அதனால் வேலிக்கு உள்ளே நிர்வாகத்தைக் கைதிகளிடமே விட்டார்கள். யாரிடம்? கம்யூனிஸ்டுகளை வெறுப்பதாக முன்வந்து சொன்ன பழைய கோமின்டாங் ஆட்களிடம். மொழிபெயர்க்கவும் வகுப்பு எடுக்கவும் தைவானிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். அப்புறம் சோறு பங்கிடுவது, கூடாரம் ஒதுக்குவது, யார் மருத்துவமனைக்குப் போகலாம் என்று தீர்மானிப்பது எல்லாம் அந்தக் "கைதிக் காவலர்கள்" கைக்குப் போயின. தடியும் அவர்கள் கையில்தான்.

பிறகு பச்சை குத்துவது தொடங்கியது. கையிலும் நெஞ்சிலும் "கம்யூனிசத்தை எதிர்ப்போம், ரஷ்யாவை எதிர்ப்போம்" என்ற நாலு எழுத்து. சிலர் விரும்பிக் குத்திக்கொண்டார்கள், அதை மறுக்கவில்லை. பலரை அழுத்திப் பிடித்துக் குத்தினார்கள். குத்திய பிறகு அவன் என்ன நினைத்தாலும் பயனில்லை. அந்த எழுத்தோடு எப்படி ஊருக்குப் போவான்? ஒரு துண்டறிக்கையைக் கிழித்துப் போட்டுவிடலாம், தோலில் எழுதியதை என்ன செய்வது?

1952 ஏப்ரலில் அமெரிக்கர்கள் வடிகட்டல் நடத்தினார்கள். ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, ஊருக்குப் போக விருப்பமா, கட்டாயப்படுத்தி அனுப்பினால் எதிர்த்து நிற்பாயா என்று கேட்டார்கள். அதற்கு முந்தைய இரவு 72ஆம் அடைப்பில், திரும்பிப்போக விரும்புவோர் முன்னே வரட்டும் என்று கூட்டம் கூட்டினார்கள். லின் ஷுவெபு என்று ஓர் இளைஞன், கல்லூரியில் படித்துவிட்டுப் படையில் சேர்ந்தவன். அவனை மேடைக்கு இழுத்து, போவேன் என்று தயங்காமல் சொன்னதற்காக, எல்லோர் கண் முன்னாலும் கத்தியால் குத்திக் கொன்றார்கள். செய்தவன் அந்த அடைப்பின் துணைத் தலைவன் லி டா-ஆன். நெஞ்சைப் பிளந்து இதயத்தை எடுத்துக் கத்தி முனையில் காட்டினான் என்று அங்கிருந்தவர்கள் பலர் பின்னாளில் சாட்சி சொன்னார்கள்.

மறுநாள் காலை ஒரு அமெரிக்க அதிகாரி மேசை போட்டு உட்கார்ந்து "உனக்கு எங்கே போக விருப்பம்?" என்று கேட்டார். முந்தைய இரவைப் பார்த்தவன் என்ன பதில் சொல்வான்?

---

கல்மேடு

மாலைநேரம், நீங்கள் எழுதியதைப் படித்ததும் சிறிது நேரம் எதுவும் செய்யத் தோன்றவில்லை. நடந்தது அதுதான், மறுக்க ஒன்றுமில்லை. ஆனால் இதிலிருந்து 14,000 பேரும் மிரட்டப்பட்டவர்கள் என்று முடிவு கட்டினால் அதுவும் அநியாயம்.

1950, 51இல் சீனாவில் என்ன நடந்தது? நிலச் சீர்திருத்தம் உச்சத்தில் இருந்தது. "எதிர்ப்புரட்சியாளர்களை ஒடுக்கும்" இயக்கத்தில் பழைய கோமின்டாங் அதிகாரிகளை, பண்ணையார்களை மைதானத்தில் நிறுத்திச் சுட்டார்கள். கோமின்டாங் ராணுவக் கல்லூரியில் படித்தவனுக்கு, கொஞ்சம் நிலம் வைத்திருந்தவன் மகனுக்கு, ஊருக்குப் போனால் என்ன காத்திருக்கிறது என்பது தெரியும். அவனைப் பொறுத்தவரை தைவான் என்பது பிழைக்கும் வழி. அவனையும் "பாவம், மிரட்டிவிட்டார்கள்" என்று சொன்னால் அவன் எடுத்த முடிவையே நாம் அவனிடமிருந்து பிடுங்குகிறோம்.

இன்னொன்று. திரும்பிப்போக விரும்பியவர்களின் அடைப்புகளிலும் வன்முறை இருந்தது. வட கொரியர்களின் 76ஆம் அடைப்பில் 1952 மே 7 அன்று முகாம் தலைவர் ஜெனரல் டாடையே பிடித்து வைத்துக்கொண்டார்கள். அவர்களுக்குள்ளும் விசாரணை நடத்தித் "துரோகி" என்று கொன்றிருக்கிறார்கள். தடி எல்லா வேலிக்குள்ளும் இருந்தது.

---

மாலைநேரம்

ஒப்புக்கொள்கிறேன், கல்மேடு. 14,000 பேரையும் ஒரே சாக்கில் கட்டக்கூடாது என்பது சரி. நான் சொல்ல வந்தது இன்னும் சின்னது. விரும்பிப் போனவன் யார், பயந்து போனவன் யார் என்று பிரித்தறியும் வாய்ப்பையே அந்த முகாம் அழித்துவிட்டது. இரண்டு பேர் கையிலும் ஒரே பச்சைதான்.

திரும்ப விரும்பியவர்கள் பட்ட பாட்டையும் பதிவு செய்துவிடுகிறேன். வடிகட்டலுக்குப் பிறகு சீனர்களை ஜேஜு தீவுக்குக் கொண்டுபோய் இரண்டு முகாமாகப் பிரித்தார்கள். 1952 அக்டோபர் 1, மக்கள் சீனத்தின் மூன்றாவது ஆண்டு விழா. திரும்பிப்போகும் முகாமில் சிவப்புக் கொடி ஏற்றினார்கள். இறக்கச் சொல்லிப் படை உள்ளே வந்தது. இவர்கள் கல்லெறிந்தார்கள், அவர்கள் சுட்டார்கள். ஐம்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள்.

---

தாமிரபரணிக்கரை

இப்போதுதான் புரிகிறது, நான் கேட்ட கேள்வியே தவறு. காகிதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆனால் இன்னொன்று உறுத்துகிறது. 1949 ஜெனீவா உடன்படிக்கையின் 118ஆம் பிரிவு, சண்டை நின்றதும் கைதிகளைத் தாமதமின்றி ஊருக்கு அனுப்ப வேண்டும் என்று சொல்கிறதே? அப்படி அனுப்பியிருந்தால் இந்தப் பச்சை, கத்தி எதற்குமே இடமில்லையே?

---

வடகரை

அந்த விதிதான் பன்முன்ஜோமில் நடந்த போர்நிறுத்தப் பேச்சுவார்த்தையில் எல்லாவற்றையும் நிறுத்தி வைத்தது. 1952 ஜனவரியில் அமெரிக்கா "விருப்பமுள்ளவர்களை மட்டும் அனுப்புவோம்" என்ற நிலையை எடுத்தது. இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் சோவியத் கைதிகளைக் கட்டாயமாக ரயிலேற்றி அனுப்பியதும், அவர்களுக்கு அங்கே நேர்ந்த கதியும் அமெரிக்க அதிபர் ட்ரூமன் மனதில் இருந்தன. அந்த அக்கறை பொய் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் அக்கறையோடு கூடவே பிரசார ஆசையும் இருந்தது. "கம்யூனிஸ்ட் வீரனே கம்யூனிச நாட்டுக்குப் போக மறுக்கிறான்" என்பதைவிடப் பெரிய துண்டறிக்கை எது?

வடிகட்டலுக்கு முன் 1,16,000 பேர் திரும்புவார்கள் என்று எதிர்த்தரப்பிடம் சொல்லியிருந்தார்கள். வந்த விடை ஏறத்தாழ 70,000. சீனர்களில் அது இன்னும் மோசம். மாவோ அரசுக்கு இது முகத்தில் அடித்த மாதிரி. மற்ற விஷயங்கள் பெரும்பாலும் தீர்ந்துவிட்ட பிறகும், இந்த ஒன்றுக்காகவே ஓராண்டுக்கும் மேல் போர் இழுத்தது. 1953 ஜூலை 27 அன்றுதான் நின்றது. அந்த ஓராண்டில் குன்றுகளில் செத்த இரு தரப்பு வீரர்களையும் இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

சீனாவும் இதே வேலையைச் செய்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். யாலு கரையில் பியோக்டாங் முகாமில் அமெரிக்க, பிரிட்டிஷ் கைதிகளுக்கு வகுப்பு எடுத்தார்கள். 1952 நவம்பரில் கைதிகளுக்கு "ஒலிம்பிக்" நடத்திப் படம் எடுத்து உலகத்துக்குக் காட்டினார்கள். கடைசியில் 21 அமெரிக்கர்களும் ஒரு பிரிட்டிஷ்காரரும் ஊர் திரும்ப மறுத்தார்கள்.

---

பழையகடிதம்

வணக்கம். நான் இங்கே எழுதுவது குறைவு. இந்த இழை எங்கள் வீட்டுக் கதையைத் தொடுவதால் எழுதுகிறேன்.

போர் நின்ற பிறகு, திரும்ப மறுத்தவர்களை யாரிடம் ஒப்படைப்பது என்ற சிக்கல் வந்தது. ஐந்து நடுநிலை நாடுகளின் ஆணையம் அமைத்தார்கள்: சுவீடன், சுவிட்சர்லாந்து, போலந்து, செக்கோஸ்லோவாக்கியா, இந்தியா. தலைவர் நம் ஜெனரல் திம்மய்யா. காவலுக்கு மேஜர் ஜெனரல் தோரட் தலைமையில் இந்தியப் படை ஒன்று போனது. என் தாத்தா அதில் சமிக்ஞைப் பிரிவில் இருந்தார்.

தென்கொரிய அதிபர் சிங்மன் ரீ, இந்தியப் படை தன் மண்ணில் கால் வைக்கக்கூடாது என்று சொல்லிவிட்டார். அதனால் இஞ்சோன் துறைமுகத்திலிருந்து ஹெலிகாப்டரில் ஏற்றி, இரு தரப்புக்கும் நடுவிலிருந்த படைநீக்கப் பகுதியில் இறக்கினார்கள். தாத்தா அதற்கு முன் ஹெலிகாப்டரைப் பார்த்ததுகூட இல்லை.

ஒப்படைக்கப்பட்ட 22,000 பேருக்கு மேற்பட்டவர்களில் 14,700 பேர் சீனர்கள். விளக்கம் சொல்ல 90 நாள் கெடு. கூடாரத்தில் சீன அரசின் ஆட்கள் உட்கார்ந்து, "ஊருக்கு வா, தண்டனை எதுவும் இல்லை" என்று சொல்வார்கள். கூடாரத்துக்கு இரண்டு வாசல், ஒன்று ஊருக்கு, இன்னொன்று திரும்ப அடைப்புக்கு. கைதிகளில் பெரும்பாலோர் உள்ளே வரவே மறுத்தார்கள், வந்தவர்கள் கத்தினார்கள், துப்பினார்கள். ஒரே ஆளோடு மணிக்கணக்கில் பேசிக்கொண்டிருந்தார்கள் விளக்கக்காரர்கள். 90 நாளில் உண்மையில் விளக்கம் நடந்தது பத்து நாள் அளவுக்குத்தான்.

செப்டம்பரில் கைதிகள் ஓர் இந்திய மேஜரைப் பிடித்து உள்ளே வைத்துக்கொண்டார்கள். தோரட் ஆயுதமில்லாமல் அந்த அடைப்புக்குள் போய் அவர்களிடம் பேசி மீட்டு வந்தார். அந்தப் பொறுமையைத் தாத்தா சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். எல்லா நாளும் அப்படிப் போகவில்லை. கூட்டம் வேலியை உடைக்க வந்தபோது இந்தியர்கள் சுட நேர்ந்து சில கைதிகள் இறந்தார்கள். அதைத் தாத்தா அதிகம் பேசமாட்டார்.

அவர் அடிக்கடி சொன்னது ஒரு விடியற்காலையைப் பற்றி. ஊருக்குப் போக ஆசைப்பட்டவன் அதை அடைப்புக்குள் வாய்விட்டுச் சொல்ல முடியாது. இருட்டில் வேலி ஏறிக் குதித்து இந்தியக் காவலனிடம் ஓடி வர வேண்டும், வேறு வழியில்லை. அப்படி ஒருவன் வந்து விழுந்தானாம். உள்ளங்கை முழுக்க முள் கிழித்த ரத்தம். மொழி தெரியாது. தாத்தாவின் கையைப் பிடித்தவன், விளக்கு வைத்த கூடாரம் வரை விடவே இல்லையாம். "பச்சை குத்தியிருந்ததா?" என்று சின்ன வயதில் கேட்டிருக்கிறேன். "இரண்டு கையிலும்" என்றார்.

அப்படியும் இப்படியுமாக ஊருக்குத் திரும்பிய சீனர்கள் 440 பேர். மற்றவர்களில் பெரும்பாலோரை ஜனவரியில் திரும்ப அமெரிக்கா தலைமையிலான ஐ.நா. தரப்பிடம் விட்டார்கள். 1954 ஜனவரி 23 அன்று அவர்கள் விடுதலையானதாக அறிவிக்கப்பட்டது. தைவானில் அதைச் "சுதந்திர நாள்" என்று கொண்டாடினார்கள். கைதிகளின் முடிவு சுதந்திரமாக எடுத்ததா என்பதில் ஆணையமே இரண்டாகப் பிரிந்து அறிக்கை எழுதியது. ஒரு பக்கம் இந்தியா, போலந்து, செக்கோஸ்லோவாக்கியா. மறுபக்கம் சுவீடன், சுவிட்சர்லாந்து.

---

நிலாமுற்றம்

பழையகடிதம் அண்ணா, படித்துக் கண் கலங்கிவிட்டது. தாத்தா கையைப் பிடித்த அந்த ஆள் ஊருக்குப் போய் நன்றாக இருந்திருப்பாரா?

---

மாலைநேரம்

நிலாமுற்றம், இதற்குப் பதில் எழுத மனம் வரவில்லை, ஆனால் எழுதித்தான் ஆக வேண்டும்.

திரும்பிய சீனக் கைதிகள் மொத்தம் ஏழாயிரம் பேருக்கு மேல். எல்லையில் மாலை போட்டு வரவேற்றார்கள். பிறகு வடகிழக்கில் சாங்டூ என்ற இடத்துக்குக் கொண்டுபோய் விசாரணை வைத்தார்கள். ஏன் சாகவில்லை? ஏன் கடைசிக் குண்டுவரை சுடவில்லை? முகாமில் யாரிடம் என்ன சொன்னாய்? கூடாரத்தில் "தண்டனை இல்லை" என்று சொன்னது ஒன்று, இங்கே நடந்தது வேறு. கட்சி உறுப்பினர்களாக இருந்தவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் நீக்கப்பட்டார்கள். வடகரை சொன்ன வூ செங்டேயும் அதில் ஒருவர். ஓராண்டு மலையில் நின்றவருக்கே அந்த நிலை என்றால் சாதாரண வீரனை நினைத்துப் பாருங்கள். வேலை கிடைக்கவில்லை, பெண் கொடுக்கவில்லை, பண்பாட்டுப் புரட்சி வந்தபோது "துரோகி" என்று பலகை மாட்டினார்கள். 1980இல்தான் அரசு 74ஆம் எண் ஆவணம் வெளியிட்டுப் பழியை நீக்கியது. இருபத்தைந்து வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. பலர் அதற்குள் போய்ச்சேர்ந்துவிட்டார்கள்.

தைவானுக்குப் போனவர்களுக்கு "கம்யூனிச எதிர்ப்பு மாவீரர்கள்" என்று பட்டம் கொடுத்தார்கள். அவர்களில் மிகப் பலரைத் திரும்பவும் படையில் சேர்த்தார்கள். மூன்றாவது சீருடை! கோமின்டாங், கம்யூனிஸ்ட், திரும்பவும் கோமின்டாங். 1987 நவம்பரில் சீனாவிலுள்ள சொந்தங்களைப் பார்க்கத் தைவான் அரசு அனுமதித்தது. அறுபது வயதில் புறப்பட்டார்கள். போவதற்கு முன் சிலர் மருத்துவரிடம் போய்ப் பச்சையை அழித்துக்கொண்டார்கள். சட்டை கழற்றிக் குளிக்க முடியாத ஒரு சொந்த ஊர்!

---

கல்மேடு

"தண்டனை இல்லை" என்று விளக்கம் சொன்னவர்களை நம்பாமல் கத்தினார்களே, அவர்களில் சிலராவது இதை முன்பே கண்டுவிட்டார்கள் போலிருக்கிறது. நான் முன்பு எழுதியதை இதனோடு சேர்த்துப் படியுங்கள். மாலைநேரத்துக்கு எதிராகச் சொல்லவில்லை. இரண்டும் ஒருசேர உண்மைதான்.

---

தாமிரபரணிக்கரை

இரண்டு பக்கமும் போகாதவர்கள் யாருமே இல்லையா?

---

பழையகடிதம்

இருந்தார்கள். இந்தியப் படை கிளம்பும்போது 88 பேர் எந்தப் பக்கமும் வேண்டாம், நடுநிலை நாட்டுக்குப் போகிறோம் என்று சொல்லி, படையோடு கப்பலேறினார்கள். 76 பேர் கொரியர்கள், 12 பேர் சீனர்கள். கப்பலின் பெயர் அஸ்டூரியாஸ். 1954 பிப்ரவரியில் அது வந்து நின்றது நம் மெட்ராஸ் துறைமுகத்தில்தான். பிறகு அவர்களை டெல்லிக்குக் கொண்டுபோனார்கள். பெரும்பாலோர் 1956 வாக்கில் பிரேசிலுக்கும் அர்ஜென்டினாவுக்கும் போய்விட்டார்கள், ஒரு சிலர் இந்தியாவிலேயே தங்கினார்கள்.

தாத்தா வந்ததும் அதே கப்பல்தான். துறைமுகத்தில் இந்திய வீரர்களின் வீட்டு ஆட்கள் மாலையோடு நின்றிருந்தார்கள். பாட்டி சொல்வார், அந்தச் சீனர்களும் கொரியர்களும் ஒரு ஓரமாக, ஒரே மாதிரி கோட்டுப் போட்டுக்கொண்டு, வெயிலைப் பார்த்தபடி நின்றார்களாம். எங்கள் கொள்ளுப்பாட்டி இரண்டு சீப்பு வாழைப்பழத்தைக் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறார். எப்படி உரிப்பது என்று தெரியாமல் ஒருவர் கையில் வைத்துக்கொண்டே நின்றாராம்.

---

தாமிரபரணிக்கரை

மெட்ராஸிலா! இது எனக்குத் தெரியவே தெரியாது. அந்த வாரத்துப் பத்திரிகையில் செய்தி வந்திருக்குமே. சென்னையில் இருப்பவர்கள் யாராவது கன்னிமாரா நூலகத்தில் 1954 பிப்ரவரி மூன்றாம், நான்காம் வாரத்துத் தமிழ் நாளிதழ்களைப் பார்க்க முடியுமா?

---

நிலாமுற்றம்

என் வீடு எழும்பூர் பக்கம்தான். சனிக்கிழமை காலை போகிறேன். ஏதாவது கிடைத்தால் அப்படியே தட்டச்சு செய்து இங்கே போடுகிறேன்.